துண்டு மூடிய கை

தொட்டிக்காட்டில் செல்போனில் ஏலம் கேட்டவர்களின் வலது கை தானாக மேலே எழும்பி நின்ற காலத்தில், முதன்முதலாக எழும்பியது தன்னுடைய கைதான் என்று டீக்கடை கிட்டுசாமி இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறான். அதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஒருவர் சொல்வதை இன்னொருவர் அப்படியே நம்பிவிட்டால் எங்கள் ஊரில் சந்தையே கூடாது. நானும் யாரையும் நம்பி இந்தக் கதையைச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், என்னையும் நீங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்வதே நல்லது.

எங்கள் ஊருக்குப் பெயர் மாட்டுச் சந்தையால். செவ்வாய்க்கிழமை தோறும் கூடும் அந்தச் சந்தையில் வாயால் விலை பேசுகிற வழக்கம் கிடையாது. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தன் கையின் மேல் போட்டுக்கொள்வார், விற்கிறவரோ வாங்குகிறவரோ அந்தத் துண்டுக்கு அடியில் கையை விடுவார், எந்த விரலைப் பிடிக்கிறார், எத்தனை விரலைச் சேர்த்துப் பிடிக்கிறார், எந்தக் கணுவில் மடக்குகிறார் என்பதில் விலை இருக்கும், மேலே முகங்கள் இரண்டும் மழையைப் பற்றியும் மகள் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். துண்டுக்கு அடியில் சொன்னது துண்டுக்கு அடியிலேயே கிடக்க வேண்டும். பிணத்தின் முகத்துணியைக்கூட ஒரு ஆத்திரத்தில் விலக்கிவிடலாம், பேசுகிற கையின் மேல் கிடக்கும் துண்டை விலக்கியவனுக்கு எங்கள் ஊரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குள்தான் குப்புராஜ் செல்போன் ஏலத்தைக் கொண்டுவந்தான். சந்தை வாசலில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தவன், கோயமுத்தூர்ப் பக்கம் பெரிய ஓட்டல்களின் சுவரில் பழைய பூட்டும் பழைய ரேடியோவும் மாட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, பரணில் கிடந்ததையெல்லாம் படம் பிடித்துச் செல்போனில் ஒரு குழு வைத்து அதில் போட ஆரம்பித்தான். பித்தளைப் பூட்டு, பீங்கான் ஜாடி, சிம்னி விளக்கு, சோடாக் கம்பெனி தகரப் போர்டு, செப்புக்காசு, காளைக் கொம்பில் மாட்டுகிற பித்தளைக் குப்பி. ஓட்டல்காரர்களுக்காக ஆரம்பித்தது எப்படியோ எங்களையே பிடித்துக்கொண்டது. பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுத் தாட்டிவிட்ட சாமானை அதே ஆள் அதே குழுவில் பத்து மடங்கு விலைக்குக் கேட்டு வாங்கிவந்து, துடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி வந்தால் காட்டினார். அவரவர் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளலாம் என்பது குப்புராஜின் ஏற்பாடு. யார் எந்தப் பெயரில் கேட்கிறார் என்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. விலையை மறைத்தே பழகிய ஊருக்கு முகத்தையும் மறைத்துக்கொள்ளலாம் என்றால் கசக்குமா.

அந்தப் பெயர்களுக்கு நடுவில் 'நந்தி' என்று ஒரு பெயர் இருந்தது. நந்தி எதையும் வாங்கியதில்லை. நீங்கள் ஒரு சாமானை ஆசைப்பட்டுக் கேட்பீர்கள், மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்குவார்கள், அப்பாடா என்று மூச்சு விடும்போது நந்தி குறுக்கே வந்து படுக்கும். நீங்கள் ஏற்றுவீர்கள், நந்தி ஏற்றும், மறுபடி ஏற்றுவீர்கள், மறுபடி ஏற்றும், கடைசியாக உங்கள் மடியில் இருப்பதெல்லாம் இவ்வளவுதான் என்கிற அந்த இடத்துக்கு நீங்கள் வந்து சேர்ந்ததும் சத்தமில்லாமல் எழுந்து போய்விடும். சாமான் உங்களுக்குத்தான் வரும். மடிதான் காலியாகியிருக்கும்.

நந்தி குப்புராஜேதான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சொந்தக் கடைச் சரக்குக்குத் தானே பொய்யாகக் கேட்டு ஏற்றிவிடுகிறான், கூட்டுக் களவாணி, இவனுக்கெல்லாம் சோறு இறங்குமா என்றார்கள். பேச்சு காதுக்கு வந்ததும் குப்புராஜ் குளித்துவிட்டு ஈரத்துணியோடு மாகாளியம்மன் கோயிலுக்கு வந்து உள்ளங்கையில் சூடத்தை ஏற்றிக்கொண்டு, "ஆத்தா சத்தியமா என்ற ஏலத்துல நான் ஒரு கேள்வி கேட்டதில்லீங். கேட்டிருந்தா இந்தக் கை வெளங்காமப் போகட்டும்," என்றான். சூடம் எரிந்து முடிந்தது, கை நன்றாகவே இருந்தது. ஆத்தாளைச் சந்தேகப்பட முடியாது என்பதால் நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்தோம். அண்ணன் தம்பியை, சம்பந்தி சம்பந்தியை, பக்கத்து வீட்டுக்காரன் எதிர்வீட்டுக்காரனை. கேள்விச் சத்தம் செல்போனில் 'டிங்' என்று வருகிறபோது யாருடைய கட்டைவிரல் அசைந்தது என்று பார்த்துக்கொண்டே டீ குடித்ததில் டீயின் ருசியே மறந்துபோயிற்று.

ஊரில் யாருமே சந்தேகப்படாத ஆள் ஒருவர் இருந்தார். தரகர் மாரப்பன். அத்தனை வருஷத் தரகில் ஒரு கை சொன்ன விலையை அவர் இன்னொரு கைக்குச் சொன்னதில்லை என்று பெயர் வாங்கியவர். மாடுகள் குறைந்து லாரிகள் பெருகிய பிறகு, சந்தைத் திடலின் வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய சாமானுக்கு ஏலம் கேட்கப் போகிறவர்கள் அவரிடம் ஒருதரம் வந்துவிட்டுத்தான் போவார்கள். "அண்ணா, ஒரு பூட்டுக்குக் கேக்கலாம்னு இருக்கறனுங்," என்று சொன்னால், அவர் எதுவும் பேசாமல் துண்டை எடுத்துக் கையில் போடுவார், "எது வரைக்கும்?" என்பார். அந்த ஒரே கேள்வி. வந்தவர் துண்டுக்கு அடியில் கையை விட்டுத் தன் கடைசி விலையை அவர் விரல்களில் அழுத்திக் காட்டுவார், மாரப்பன் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். மாரப்பண்ணன் கையைத் தொட்டுவிட்டுப் போய்க் கேட்டால் சாமான் நிச்சயம் வரும் என்றும், அவரிடம் சொன்ன விலையிலேயே ஒரு காசு கூடாமல் குறையாமல் வந்து முடியும் என்றும் சொல்லிச் சொல்லி, அதை அவருடைய கைராசி என்றார்கள். வாழைத்தாரும் பழமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இந்த முட்டாள்தனத்தைச் செய்ய வேறு ஊர்க்காரர்களால் முடியாது, துண்டை நம்பிப் பிறந்து வளர்ந்திருக்க வேண்டும்.

மாரப்பனின் மனைவி மயிலாத்தாள். ஒரு செவலை மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள். பால் பணம் அவளுடைய சொந்தப் பணம், அதை மாரப்பன் கேட்டதில்லை. அந்தப் பணத்தில் அவள் மாட்டு மணிகளாக வாங்கினாள். வாசலில் ஒரு கம்பியைக் கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். போகும்போது ஒன்றைத் தட்டுவாள், வரும்போது ஒன்றைத் தட்டுவாள். எதற்கு இவளுக்கு இத்தனை மணி என்று கேட்டவர்களுக்கு, "தொட்டாப் பேசுதுங்," என்று சொல்வாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, பகலெல்லாம் விரலால் பேசிவிட்டு வந்து வீட்டில் வாயையும் திறக்காத ஒரு மனுஷனோடு குடித்தனம் நடத்தியவள் அப்படித்தானே சொல்வாள். சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்க மாட்டார். கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை.

ஆனால் மணி வாங்க ஆரம்பித்த பிறகு ஒன்று நடந்தது. "மாமா, ஒரு மணி வந்திருக்குதுங், கேக்கட்டுமா?" என்று அவள் கேட்டால், அவர் கட்டிலில் தனக்குப் பக்கத்தில் இடம் விடுவார். துண்டை எடுத்துத் தன் கையின் மேல் போடுவார். "எது வரைக்கும், புள்ள?" என்பார். அவள் துண்டுக்கு அடியில் கையை விடுவாள். தன் விலையை அழுத்தின பிறகும் கையை உடனே எடுக்க மாட்டாள், அவரும் உடனே விட மாட்டார். பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வெளியூர் போன அந்த வயதில், அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த நேரங்களில் மட்டும்தான். வாசலில் தொங்கிய மணிகளில் பாதியை அவள் அந்தக் கைக்காகத்தான் வாங்கினாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மழையும் இல்லை காற்றும் இல்லை, கிட்டுசாமி இடது கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு ஒரு பித்தளைக் கூஜாவுக்குக் கேள்வி போட்டான், டீ ஆற்றிக்கொண்டிருந்த அவனுடைய வலது கை டம்ளரோடு தலைக்கு மேலே போய் நின்றது. இறக்கப் பார்த்தான், இறங்கவில்லை. இரண்டு பேர் தொங்கிப் பார்த்தார்கள், அவர்களும் அவனோடு சேர்ந்து ஆடினார்களே தவிரக் கை இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ அவனுக்கு மேலே கேட்டார்கள், கை தொப்பென்று விழுந்தது, அதே நேரத்தில் சந்தைக்கு அந்தப் பக்கம் புண்ணாக்குக் கடையில் ஒரு கை எழும்பியது. அன்று மாலைக்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கேட்டால் கை எழும்பும். உங்களுக்கு மேலே இன்னொருவர் கேட்டால் விழும். ஏலம் உங்கள் பேரில் முடிந்துவிட்டால், வாங்கிய சாமானை அந்தக் கையில் கொண்டுவந்து வைக்கிற வரைக்கும் அப்படியே நிற்கும்.

யாரும் டாக்டரிடம் போகவில்லை. காய்ச்சலா வலியா, எதைச் சொல்லிப் போவது. தையல்காரர் ஒரு பக்கம் அக்குளிலிருந்து இடுப்பு வரை பொத்தான் வைத்த சட்டைகளைத் தைக்க ஆரம்பித்தார். சலூனில் வலது அக்குளுக்குத் தனி ரேட் வைத்தார்கள். பேரூராட்சிக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் பீங்கான் ஜாடிக்குக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததில், குப்பைக் கிடங்கை அவருடைய வார்டுக்கே மாற்றும் தீர்மானம் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. கை தூக்கியபடியே ஒருவர் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார், மாப்பிள்ளை வீட்டார் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் வாத்தியார்களுக்குக் கொஞ்ச நாள் குழப்பமாக இருந்தது.

உங்களுக்கு ஒன்று தோன்றும். இனிமேல் நந்தியைப் பிடித்துவிடலாமே, நந்தி கேட்கிற நேரத்தில் எந்தக் கை எழும்புகிறது என்று பார்த்தால் போதுமே என்று. எங்களுக்கும் தோன்றியது. ஆனால் எங்கள் ஊரில் விலை பேசுகிற கை வெறுங்கையாக நிற்பது அம்மணமாக நிற்பதைப் போல. எழும்பிய கையைப் பார்த்த பெரியவர்களுக்கு உடம்பு கூசியது. ஒருவர் தன் துண்டை எடுத்துப் பக்கத்தில் நின்றவரின் கையின் மேல் போர்த்திவிட்டார். மறுநாள் எல்லோரும் போர்த்திக்கொண்டார்கள். அடுத்த வாரம் துண்டு போர்த்திய கையைப் பார்ப்பதே மரியாதைக் குறைவு என்று ஆகிவிட்டது. கேள்வி மும்முரமாக இருக்கும்போது சந்தையில் அங்கே ஒரு துண்டு எழும்பும், இங்கே ஒரு துண்டு விழும், நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஓரக்கண்ணால் பார்க்காமல் இருந்தோமா என்று கேட்காதீர்கள். பார்த்தோம். தலை சொறிகிறவனையும் கொட்டாவி விட்டுச் சோம்பல் முறிக்கிறவனையும்கூடச் சந்தேகப்பட்டோம். ஆனால் வாயைத் திறந்து கேட்க ஒருவனுக்கும் துணிச்சல் வரவில்லை. ஆத்தாளே கை தூக்கிக் காட்டிக்கொடுத்தாள், அவளையே துண்டு போட்டு மூடிவிட்டோம்.

குப்புராஜின் கை மட்டும் ஒருநாளும் எழும்பவில்லை. அவன் சூடத்தில் சொன்னது உண்மை என்று இப்போது எல்லோரும் அவனுக்கு மரியாதை கொடுத்தார்கள்.

மயிலாத்தாள்தான் முதலில் யோசித்தாள். அவளுக்குப் பாலைத் தெரியும். எந்த மாடும் தினமும் ஒரே அளவு கறக்காது. ஒரு வீட்டுப் பால் தினமும் படிக்குத் தலைதட்டி, கூடாமல் குறையாமல் வந்தால், அதில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அவள் வாங்கிய மணி ஒவ்வொன்றும் அவள் சொன்ன கடைசி விலையிலேயே வந்து முடிந்தது. ஊரில் மற்றவர்களுக்கும் அப்படியேதான். இது கைராசியா என்று அவளுக்கு ஒரு கேள்வி வந்தது. வந்த கேள்வியை அவள் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். குப்புராஜ் கெட்டிக்காரன், ஆளைப் பார்த்தே மடியை எடை போட்டுவிடுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும், அந்தக் கைகள் எழும்ப ஆரம்பித்த வாரத்திலிருந்துதான் தன் புருஷன் கட்டிலில் உட்காருவதை விட்டுப் படுக்க ஆரம்பித்தார் என்பதை அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "மூச்சு வாங்குது," என்றார். கவிழ்ந்து படுத்து, வலது கையைத் தலைக்கு மேலே நீளமாகப் போட்டு, அதன் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டார். நிற்கிறவன் கை தூக்கினால் தெரியும், படுத்திருக்கிறவன் கை தூக்கினால் தூங்குவது போலத்தான் தெரியும். பாவம், வயசாகிவிட்டது என்றார்கள் கைராசி பார்க்க வந்தவர்கள். அவர் படுப்பதெல்லாம் ஏலம் முடிகிற நேரமாகவே இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெரிய மணி வந்தது. ஏதோ ஒரு கோயில் காளையின் கழுத்தில் கிடந்த வெண்கல மணி. குப்புராஜ் படத்தோடு அதன் சத்தத்தையும் பதிந்து போட்டிருந்தான். மயிலாத்தாள் அதைக் கொட்டகையில் நின்று கேட்டாள், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த செவலை தொட்டியிலிருந்து தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். அந்த மணியின் மேல் வந்த ஆசையில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அந்த ஆசையோடு சேர்ந்து பயமும் வந்தது.

"மாமா, ஒரு மணி வந்திருக்குதுங்," என்றாள்.

மாரப்பன் கட்டிலில் இடம் விட்டார். துண்டைப் போட்டார். "எது வரைக்கும், புள்ள?"

அவள் கையை உள்ளே விட்டாள். செவலையின் விலையை அழுத்தினாள். அதற்கு மேல் அவளிடம் ஒன்றுமே இல்லை என்பது அவருக்குத் தெரியும். விரல்கள் ஒரு கணம் தயங்கியதைப் போல அவளுக்கு இருந்தது.

"மாட்டையேவா?" என்றார்.

"ஆமாங் மாமா. மாட்டையேதான்."

வேண்டாம் புள்ள என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அவள் அதற்காகத்தான் அந்த விலையைச் சொன்னாள். அந்தக் கையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சொல்லுங்க மாமா, சொல்லுங்க மாமா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மாரப்பன் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். எல்லோருக்கும் ஆட்டுகிற அதே ஆட்டு.

ஏலம் சந்தை நாளில் உச்சிவேளைக்கு முடிவதாக இருந்தது. மாரப்பன் வழக்கம்போல வேப்பமரத்தடியில் கவிழ்ந்து படுத்திருந்தார், கை தலைக்கு மேலே, துண்டு கைக்கு மேலே. மயிலாத்தாள் சொசைட்டிக்குப் போய்விட்டுப் பால் கேனோடு நேராகச் சந்தைக்கு வந்தாள். கட்டிலின் தலைமாட்டில், அவர் கண்ணுக்குத் தெரியாத பக்கமாக நின்றாள். இடது கையில் செல்போன். ஊரே பார்க்க, முந்தானையைக்கூடக் கையின் மேல் போர்த்தாமல், வெறுங்கையோடு கேள்வி போட்டாள்.

அவளுடைய கை எழும்பியது. கட்டிலில் நீண்டிருந்த துண்டு துவண்டு விழுந்தது.

 பிறகு மாரப்பனின் வயிற்றுக்கு அடியில் எங்கோ ஒரு 'டிங்' கேட்டது. துண்டு விறைத்து நீண்டது, அவளுடைய கை விழுந்தது. அவள் மறுபடி கேட்டாள். அவளுடைய கை எழும்பியது, துண்டு விழுந்தது. துண்டு நீண்டது, அவள் கை விழுந்தது. கிணற்று ஏற்றம் போல ஒன்று ஏற ஒன்று இறங்க, ஒன்று ஏற ஒன்று இறங்க, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் கட்டிலிலும் ஒருவர் அதன் தலைமாட்டிலுமாக, அவர் அவளைப் பார்க்காமலும் அவள் அவரை விட்டுக் கண்ணை எடுக்காமலும், அந்தச் சித்திரை வெயிலில் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே போனார்கள். சந்தையில் மாடுகள் கத்துவது மட்டும்தான் கேட்டது. நாங்கள் எல்லோரும் மரியாதையாக வானத்தைப் பார்த்தோம், வானத்தில் ஒன்றும் இல்லாததால் மறுபடி கீழே பார்த்தோம். அவள் முகத்தில் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று அணைந்தது. இவர் இல்லை, இவர் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள், கை விழ விழ அதை அவளால் நினைக்க முடியாமல் போயிருக்கும்.

செவலை விலையில் பாதி வந்தபோது மயிலாத்தாள் நிறுத்தினாள். செல்போனை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

துண்டு நீண்டபடியே கிடந்தது. மாரப்பன் காத்திருந்தார். காத்திருந்தார். படுத்தபடியே செல்போனை உருவிப் பார்த்தார், உதறிப் பார்த்தார். நேரம் முடியப் போகிறது என்று தெரிந்ததும் பதறிப்போய்த் திரும்பினவர், தலைமாட்டில் நிற்கிற மனைவியைப் பார்த்தார். கை தலைக்கு மேலே நிற்க, எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம் புள்ள நின்னுட்டே?" என்றார். அவர் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நாங்கள் கேட்டதே இல்லை. "கேளு. இன்னொண்ணு கேளு. உன்ற வெல இன்னும் வரலியே!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. சந்தைக்கும் தெரிந்தது.  குப்புராஜ் கடைப் பக்கமிருந்து ஏலம் முடிந்த சத்தம் எல்லோருடைய செல்போனிலும் ஒன்றாகக் கேட்டது. நந்தி முதன்முதலாக ஒரு சாமானை வாங்கிவிட்டது.

மயிலாத்தாள் பால் கேனைக் கீழே வைத்தாள். கட்டிலில், அவர் எப்போதும் இடம் விடுகிற இடத்தில் உட்கார்ந்தாள். துண்டை விலக்கவில்லை. எட்டி, அதன் அடியில் கையை விட்டாள், அவருடைய விரல்களைத் தடவிப் பார்த்தாள். அவை மடங்கியும் நீண்டும் ஒரு விலையைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் அழுத்தின விலை. மாட்டு விலை. இத்தனை நாளும் தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த விரல்கள் என்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. கையை வெளியே எடுத்தாள். எங்கள் ஊரில் யாரும் செய்யாததைச் செய்தாள், துண்டுக்கு அடியில் இருந்ததை வாய்விட்டுச் சொன்னாள்.

"இதுல இருக்கறது என்ற செவலையோட வெலைங். நேத்து இவிய கையில நாஞ் சொன்னது. வேற யாருக்கும் தெரியாது."

முதலில் வந்தவன் கிட்டுசாமி. துண்டுக்கு அடியில் கையை விட்டான், முகம் கறுத்தது. "கூஜாவுக்கு நாஞ் சொன்ன வெல," என்றான். அப்புறம் புண்ணாக்குக் கடைக்காரர் விட்டார், அவருக்கு அங்கே பூட்டின் விலை இருந்தது. கவுன்சிலருக்கு ஜாடியின் விலை. அதே கைதான், அதே விரல்கள்தான், தொடுகிறவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் சொன்ன கடைசி விலையாக மடங்கிக் கிடந்தன. வரிசை சந்தை வாசலைத் தாண்டிப் போயிற்று. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. உள்ளே விட்ட கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்கள். மாரப்பன் கண்ணை மூடி, ஒவ்வொருவருக்கும் பழக்க தோஷத்தில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

குப்புராஜ் அன்றே கடையைப் பூட்டிவிட்டான். நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை, கேட்டவருக்குக் கமிஷன் மட்டும்தான் கொடுத்தேன், சூடத்தில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்று போகிறபோதும் சொல்லிவிட்டுத்தான் போனான். இப்போது வேறு ஊரில் வேறு ஏதோ ஏலம் விடுகிறான் என்கிறார்கள், அங்கே யாருக்கும் கை எழும்புவதில்லையாம். மணியை மட்டும் கொடுத்துவிட்டுத்தான் போனான். மாரப்பன் அதுவரை சேர்த்து வைத்திருந்த கமிஷனை எடுத்துக் கொடுத்தார், தூக்கி நின்ற கையில் குப்புராஜ் மணியை வைத்தான், கை மெல்ல இறங்கியது.

மணியோடு வீட்டுக்கு வந்தார். மயிலாத்தாள் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று மணியை ஆட்டினார். அந்தச் சத்தம் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது, அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை. செவலை திரும்பிப் பார்த்தது. மயிலாத்தாள் திரும்பவில்லை.

"உனக்குத்தான் புள்ள," என்றார்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து மணியை வாங்கிக்கொண்டாள். அவளுடைய பணம் எத்தனையோ தடவை போய் அடைந்த இடத்திலிருந்து வந்த மணி, அதை ஏன் விட வேண்டும். கம்பியில் மற்ற மணிகளோடு தொங்கவிட்டாள். சண்டை போடவில்லை, பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. சோறு போடுகிறாள். முன்பெல்லாம் டீயைக் கையில் கொடுப்பாள், இப்போது டம்ளரைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டுப் போகிறாள், அவர் குனிந்து எடுத்துக் குடிக்கிறார்.

மாரப்பன் இப்போது பேசுகிறார். வேப்பமரத்தடிக்கு யாரும் வராததால் வீட்டிலேயே இருக்கிறார், மழையைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, மாட்டுக்குத் தீவனம் தீர்ந்ததைப் பற்றி என்று எதையாவது பேசிக்கொண்டிருக்கிறார். அவள் உம் கொட்டுகிறாள். பழைய பழக்கத்தில் எனக்கு அவர்மேல் இன்னும் சந்தேகம்தான், அழுதால்கூடக் கண்ணில் தூசி என்றுதான் நினைப்பேன். ஆனால் போன வாரம் ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போது பார்த்தேன். மாரப்பன் கட்டிலில் ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டு, அந்தக் கையை மனைவி இருந்த பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தார். எது வரைக்கும் என்று கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. 

மயிலாத்தாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நானும் தெருவில் நின்றேன்.

"பால் கறக்கற நேரமாச்சுங்," என்று சொல்லிவிட்டு அவள் கொட்டகைக்குப் போனாள்.